இவானோ சித்தப்பாவின் மூன்று நாள் விரதம்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தடுப்புவலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, “தம்பி, இன்னும் ரெண்டு விரக்கடை இறங்கணும்” என்பார் இவானோ சித்தப்பா. பள்ளத்துக்குள் நிற்பவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இத்தாலியின் பொலோன்யாவில் தெரு தோண்டுகிறவர்களுக்கு இது பழக்கம். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆண்கள் காலையில் ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிக் குழி பார்க்கப் போவார்கள். ‘உமரெல்’ என்று அவர்களுக்கு ஊரே பெயர் வைத்திருக்கிறது. சித்தப்பா முப்பத்தெட்டு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். அவர் ஒரு செங்கல்லைத் தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனால் கலவையின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் கூடிப்போனதைச் சொல்லிவிடுவார்.

லொரெட்டா சித்திக்கோ புது ஊர்களில் நடக்கப் பிடிக்கும். போன வருடம் வெரோனாவில் அந்த நடையில் பாதி, சாக்கடைக் குழாய் பதிக்கும் ஒரு குழியருகிலேயே கழிந்தது. ஆகவே இந்த மே மாதம் லூக்கா நகரத்துக்கு ரயில் ஏறும் முன்பே சட்டம் போட்டுவிட்டாள்.

“மூணு நாள். ஒரு குழி முன்னால நின்னேன்னா, அடுத்த வருஷத்துலேருந்து நான் எங்க அக்காவோட போய்க்கறேன். இதுக்கு இவன் சாட்சி.” என் பக்கம் திரும்பினாள். “நீதான் வாயே திறக்க மாட்டியே. பொய் சொல்லவும் திறக்க மாட்டே.”

அந்த அக்கா என் அம்மா. சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு அறையில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் அவர்கள். சேர்ந்து நடப்பது வருடத்தில் இந்தச் சில நாள்தான்.

முதல் நாள் கோட்டை மதில்மேல் ஊரைச் சுற்றி வந்தோம். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மரங்களை ரசித்தார். மாலையில் தேவாலயத்தின் முன் மெய்மறந்து நின்றார். சித்தி நெகிழ்ந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள்.

“அந்தச் சாரத்தைப் பாரேன் லொரெட்டா. குழாய்களை இணைக்கிற பூட்டு ஒவ்வொண்ணும் எவ்வளவு சுத்தம்!”

“இவானோ!”

“சாரம் மேல போகுது, குழி கீழ போகுது. நீ குழின்னுதானே சொன்னே?”

மறுநாள், உச்சியில் மரம் வளரும் கோபுரத்தில் ஏறினோம். சித்தி தூரத்து மலைகளைப் பார்த்தாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, உதடு மட்டும் அசைய, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு இடத்துல தோண்டறாங்க,” என்றார் என் காதில். “இங்கேர்ந்து பார்த்தா நின்னதா ஆகாதுடா.”

மூன்றாம் நாள் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. காபிக் கடையின் தெருவோர மேசையில் உட்கார்ந்தோம். பத்தடி தள்ளி, தெருவைப் பெயர்த்த குழியில் இருவர் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். சாய்மானம் கடையின் சுவரை நோக்கி இறங்கியது. எனக்கே தெரிந்தது.

“மழை பெஞ்சா தண்ணி மொத்தமும் இவங்க நிலவறைக்குத்தான்,” என்றார் சித்தப்பா, காபிக் கோப்பையிடம். நெற்றி வியர்த்திருந்தது.

சித்தி அவர் நெற்றியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் திருப்பி, குழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். “நான் எதையும் பார்க்கல. பத்து நிமிஷம், போய்ட்டு வா. சாட்சி, நீயும் திரும்பிக்கோ.”

சித்தப்பா துள்ளி எழுந்தார். இரண்டடி வைத்தார். அவள் முதுகைத் திரும்பிப் பார்த்தார். வந்து, தன் நாற்காலியையும் திருப்பி அவளருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்னால் சுத்தியல் டொக் டொக்கென்றது. அவர் கைதுடைக்கும் தாளை மடித்து மேசைமேல் வைத்து, அதன்மேல் சர்க்கரைப் பொட்டலங்களைச் சரியான சாய்மானத்தில் பதிக்கத் தொடங்கினார். ஐந்தோடு பொட்டலம் தீர்ந்துவிட்டது.

சித்தி தன் தட்டிலிருந்த பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.