புள்ளி வைக்காத பெயர்கள்

நைஜீரியாவில் ஓகா நகரின் சிறிய வானொலி நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சாவு அறிவிப்பு வாசிக்கிறாள் எக்வுடோசி. அவள் வாயிலிருந்து பெயர் வந்தால்தான் ஆள் போனதாகவே ஊர் ஒப்புக்கொள்ளும்.

அறிவிப்பு எழுதிக் கொண்டுவருகிறவர்களில் படித்தவர்கள்தான் ரொம்ப மோசம். அவர்கள் பேசும் இக்போ மொழியில் எழுத்துக்கு அடியில் வைக்கவேண்டிய புள்ளியை வைக்கமாட்டார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுத்தின் தலையில் போடவேண்டிய கோடும் இருக்காது. புள்ளியோ கோடோ மாறினால் பெயரே வேறாகிவிடும்; மொட்டையாகக் கிடப்பதை எப்படி வாசிப்பது? அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவாள்.

"அவரை எப்படிக் கூப்பிடுவீங்க? ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்க."

கேட்டபடியே சிவப்புப் பேனாவால் புள்ளியும் கோடும் போட்டுக்கொள்வாள். அப்புறம்தான் மைக்.

புது மேலாளர் கெனெச்சி தொலைவில் லாகோஸ் பெருநகரில் வளர்ந்தவன். வந்த வாரமே அந்தப் போனைப் பிடுங்கி விளம்பரப் பிரிவுக்குக் கொடுத்தான்.

"செத்தவங்க என்ன, எழுந்து வந்து திருத்தவா போறாங்க ஆன்ட்டி? இனிமே யாரையும் கூப்பிடக்கூடாது, சொந்த போன்லயும்தான். பேப்பர்ல இருக்கிறதைப் படிங்க. முடியலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

கல்லூரியில் இரண்டு மகள்கள். எக்வுடோசி பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பேரைக் குத்துமதிப்பாக வாசித்தாள். ஒரு விதவை நிலையத்துக்கே வந்து கேட்டாள்: "யாரையோ சொன்னீங்களே, என் புருஷனை எப்போ சொல்வீங்க?" அன்று எக்வுடோசிக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கள் காலை கெனெச்சியே தாளோடு வந்தான். கண் வீங்கியிருந்தது. அவனுடைய அப்பா ஒனுவோரா இறந்துவிட்டார். தாளில் ஒரு புள்ளி இல்லை.

"ஒன்றரை மணிக்கு வாசிச்சிடுங்க ஆன்ட்டி. சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டுட்டிருப்பாங்க."

"பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்க சார்."

அவன் சொன்னான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வேறு மாதிரி சொன்னான். பிறகு, "நான் டாடின்னுதான் கூப்பிடுவேன்" என்றான்.

எந்தப் பிள்ளை அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்? அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"அப்போ பேப்பர்ல இருக்கிறபடியே படிச்சிடவா?"

"ஐயோ வேணாம் ஆன்ட்டி! ஒரு தடவைதானே வாசிப்பாங்க. தப்பாப் போயிடக்கூடாது."

"மத்தவங்களுக்கும் ஒரு தடவைதான்டா!" அறைக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. "போனைக் கொண்டா. உங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அத்தை யாராவது இருப்பாங்க, முதல்ல அவங்களைக் கூப்பிட்டுக் கேளு. அப்புறம் அந்த நாப்பத்தொரு வீட்டுக்கும் நீயே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, பேரைச் சொல்லச் சொல்லு. நான் எழுதிக்கறேன். வேலையை விட்டுத் தூக்கணும்னா நாளைக்குத் தூக்கு."

அவன் போய்ப் போனைக் கொண்டுவந்தான். மதியம்வரை கூப்பிட்டான்.

ஒன்றரை மணிக்கு அந்த நாற்பத்தொரு பெயர்களிலிருந்து வாசிப்பு தொடங்கியது. ஒனுவோராவின் பெயர் நாற்பத்திரண்டாவதாக வந்தது.