பத்திரமும் பட்டாவும் ஒரு ஹெட்போனும்

திருச்சுழி தாலுகா ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். பத்திரம் முடித்துவிட்டோம், நிலம் எங்களுடையது என்று வருகிறவர்களை, "பட்டா மாத்துனீகளா?" என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பியதுதான் என் பணிக்காலச் சாதனை.

என் மனைவிக்குக் காது மந்தம். புளூடூத் ஹெட்போனை மாட்டினால்தான் கணினியில் பேசுவது கேட்கும். வீரசோழனில் கணினிக் கடை வைத்திருக்கும் பெண்மணி எங்கள் பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். மவுஸால் தட்டினால் அது ஹெட்போனைச் சேர்க்காது. கட்டளையாக எழுதினால் சேர்க்கும். அவர் சொன்ன கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். தேடு, பத்து விநாடி பொறு, இணை, தொடர்பு கொடு. எத்தனை விநாடி தாமதமாகும் என்று முன்கூட்டியே எழுதித் தரும் அலுவலகத்தை அதுவரை நான் கண்டதில்லை.

மைத்துனருக்கு மதுரையில் இதய அறுவைச் சிகிச்சை. பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோகுமுன் தன் தங்கையோடு, அதாவது என் மனைவியோடு, கணினியில் முகம் பார்த்துப் பேசவேண்டும் என்றிருந்தார். ஒன்பதரைக்கு, சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதென்று, என் மனைவி ஹெட்போனை அணைத்து வைத்தாள். மறுபடி போட்டபோது கணினி அதைச் சேர்க்க மறுத்தது. என் கோப்பை ஓட்டினேன். 'ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பெழுதிவிட்டு நின்றுகொண்டது. என் பழைய ஆபீஸேதான்.

கணினிக் கடைப் பெண்மணிக்குப் போன் போட்டேன். கோப்பை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"டிரஸ்ட் வரி எங்க சார்?"

"இணைச்சாச்சே, அப்புறம் எதுக்கு நம்பிக்கை?"

எதிர்முனையில் சிரிப்பு.

"பத்திரத்த முடிச்சிட்டு பட்டா மாத்தாம விட்டுட்டீகளே சார். இதுக்குத்தான எங்க வாப்பாவ மூணு தடவ அலைய விட்டீக?"

மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது என்றேன்.

"சரி, பதறாதீக. இணைக்கிற வரிய எடுத்துருங்க, அது ஒரு தடவ செஞ்சா போதும். டிரஸ்ட் போடுங்க, அதுக்குக் கீழ கனெக்ட், அதான் தொடர்பு குடுக்கிற வரி. அவ்வளவுதான். இனிமே அணைச்சுப் போட்டாலும் அதுவா வந்து ஒட்டிக்கிடும்."

பார்க்காத கோப்பில் இல்லாத வரியைக் காதால் கேட்டே கண்டுபிடித்தவர் அவர். என் காலத்து மேலதிகாரிகளில் ஒருவருக்கும் அது வந்ததில்லை. எழுதி ஓட்டினேன். ஹெட்போனில் நீல விளக்கு நிலைத்து நின்றது. பத்துக்கு எட்டு நிமிடம் இருந்தது.

அழைப்பு வந்தது. திரையில் மைத்துனர் வாயை அகலத் திறந்து கத்துவது தெரிந்தது.

"கேக்குதுண்ணே, ஆஸ்பத்திரியில எதுக்கு இப்படிக் கத்துறீக?" என்றாள் என் மனைவி.

அவர் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. என்ன சொன்னார் என்பது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "எனக்குந்தாண்ணே பயமா இருக்கு" என்றாள்.