சின்னம்மாவின் வலது கண்

காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைக்கும்போது ஈரமண் வாசனை ஒன்று எழும். மாத்தளைக்கு மேலே எல்கடுவ தேயிலை மலைத்தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அறை முழுவதும் அந்த வாசனை நிறைந்திருந்த ஒரு மழைக்காலத்தில்தான் சின்னம்மாவின் முகத்தில் கொப்புளங்கள் வந்தன.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள்; எங்களோடுதான் இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கூட்டத்தில் அவள் சிரிப்புத்தான் முதலில் கேட்கும். ஒரு காலையில் வலது நெற்றி எரிகிறது என்றாள். மறுநாளே நெற்றியிலிருந்து கண்ணிமை வரை சிவந்து, கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளங்கள் கிளம்பி, பாதி முகம் மட்டும் வேறொருத்தியுடையதுபோல் ஆகிவிட்டது. தலைமுடி உரசினாலும் துடித்துப்போனாள்.

காரணம் என்ன என்பதில்தான் எல்லோருக்கும் பேச்சு. "சிலந்தி மூத்திரம் பட்டிருக்கு" என்றார் பக்கத்து அறை இருளாயி அக்கா. புல்லுக்கு அடித்த மருந்து கையில் ஒட்டி முகத்தில் பட்டிருக்கும் என்று அப்பா தோட்டத்து ஐயாமாரைத் திட்டினார். "மாரியாத்தா கோவிச்சிருக்கா, ஊசி போட்டா இன்னும் உக்கிரமாயிருவா" என்று அம்மா அழுதாள். கடைசியில், "இது அக்கிதாங்க, எழுதினா எறங்கிரும்" என்று ஒரு பெரியவர் வந்து, கொப்புளங்களைச் சுற்றிக் காவியால் சிங்கம் வரைந்தார். அது இறங்கவில்லை, தினமும் வரைந்தார்.

"கண்ணுக்குள்ள முள்ளு குத்துறாப்புல இருக்குக்கா. என்னைய மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சின்னம்மா கெஞ்சினாள். அம்மா மனமிரங்கிய வேளையில் மழைக்குப் பாதை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது.

பாதை திறந்த பிறகு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டரம்மா சிங்கள வாடைத் தமிழில், "சின்ன வயசில இவங்களுக்கு அம்மை போட்டிச்சா?" என்று கேட்டார்.

"எனக்கும் அவளுக்கும் ஒண்ணாத்தாங்க போட்டுச்சு" என்றாள் அம்மா.

"அந்தக் கிருமி அப்ப போகல்ல. நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்து இப்ப முழிச்சிருக்கு. வந்த ஒடனே வந்திருந்தா மாத்திரை குடுத்திருக்கலாம்." சின்னம்மாவின் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மருந்துத் துண்டை எழுதத் தொடங்கினார்.

கொப்புளங்கள் காய்ந்தன. கருவிழி வெளுத்துப் பார்வை போனது. பெண் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். எரிச்சல் மட்டும் அந்த நெற்றியை விட்டுப் போகவேயில்லை. இன்றும் அந்தப் பக்கம் சீப்பு படவிடமாட்டாள்.

இப்போது அவள் மாத்தளை டவுனில் என்னோடு இருக்கிறாள். போன வருடம் என் இடுப்பில் அதே எரிச்சல், அதே கொப்புளம். அன்றைக்கே டொக்டரிடம் போனேன். மாத்திரை தந்தார், சில வாரங்களில் தழும்புகூட மங்கிவிட்டது. வெறும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் சின்னம்மா வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானாடி?" என்றாள்.

அம்மா, அப்பா, இருளாயி அக்கா, அந்தப் பெரியவர் எல்லோரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். லயத்தையும் இடித்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளக்கூட அங்கே இனி யாருமில்லை.