அம்மாவின் சொல்லைத் திருத்தியவன்

கல்வி அலுவலகத்தின் மேல்மாடியில் அன்று அம்மா இருந்தார், அப்பா இருந்தார், நடக்க முடியாத பிள்ளைகள் உள்ள இன்னும் நாலு வீட்டார் இருந்தார்கள், நானும் இருந்தேன். தங்கச்சி இல்லை. சக்கரக் கதிரை அந்தப் படிகளில் ஏறாது. கீழே, ஓட்டோக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். அவளைப் பற்றித்தான் கூட்டம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மாடியில். அதைக் கீழே இறக்க வேண்டும், வாசலில் ஒரு சாய்தளம் போட வேண்டும். அவ்வளவுதான் கேட்க இருந்தோம். மனு எழுத நான் உட்கார்ந்தபோது அம்மா சொன்னார்: "என்ர பிள்ளை மற்றப் பிள்ளையளோட ஒண்டா இருந்து படிக்கோணும். அதை எழுது."

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அரசாங்கத்துக்கு 'ஒண்டா' என்று எழுத வெட்கமாக இருந்தது. 'விசேட தேவையுடைய எமது பிள்ளைகளுக்கு உரிய விசேட கல்வி ஏற்பாடுகளைச் செய்து தருமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம்' என்று எழுதினேன். சாய்தளம், கீழ் வகுப்பு எல்லாம் அதற்குள் அடங்கும் என்று நினைத்தேன். ஐந்து வீட்டாரும் கையெழுத்து வைத்தார்கள்.

அன்று மேல்மாடியில் அதிகாரி சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "நீங்கள் கேட்டது கிடைச்சிருக்கு. டவுன் பள்ளிக்கூடத்தில விசேட அலகு, இப்பிடிப் பிள்ளையளுக்கெண்டே தனி வகுப்பு. ஐஞ்சு பிள்ளையளுக்கும் இடம்."

"நாங்கள் கேட்டது கீழ ஒரு வகுப்பு, சேர்," என்றார் அப்பா.

"இதில அப்பிடி ஒரு சொல்லும் இல்லையே ஐயா." மனுவைத் திருப்பிப் பார்த்தார். "ஆர் எழுதினது? நல்ல தமிழ்."

"என்ர மகன்," என்றார் அம்மா. அப்போதும் அவர் குரலில் பெருமை இருந்தது.

"ஊர்ப் பள்ளிக்கூடத்தில பேர் வெட்டியாச்சு. வேணுமெண்டால் புதுசா எழுதித் தாங்கோ. அடுத்த வருஷம் பாப்பம்."

கீழே தங்கச்சி கேட்டாள்: "என்னவாம் அப்பா?"

"கொண்ணன் நல்லாத் தமிழ் எழுதுறானாம்," என்றார் அப்பா.

மற்ற நாலு வீட்டாரும் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். டவுனுக்கு அனுப்ப அவர்களுக்கு வழியில்லை. என்னைக் கண்டால் இன்றும் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்; அதுதான் தாங்க முடியாதது. தங்கச்சியை அப்பா அனுப்பினார், மீன்பிடிக்கப் போகும் தோணியின் எஞ்சினை விற்று. விசேட அலகில் அவளுக்குப் படம் நிறந்தீட்டக் கொடுத்தார்கள். வகுத்தல் கணக்கு தெரிந்த பிள்ளை.

சாய்தளத்துக்கு முப்பத்தையாயிரம் போதும் என்று ஊர் மேசன் சொல்லியிருந்தார். டவுனுக்குப் போய்வர ஓட்டோவுக்கு மாதம் இருபத்துநாலாயிரம், பத்து மாதம்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபா.