சாப்பாட்டுப் பை மறைத்த பத்து டிகிரி

சூலூர்பேட்டையிலிருந்து வரும் காலை வண்டியில், மகளிர் பெட்டிக்கு நான்தான் சண்டைக்காரி. ஜெனிபர் பழக்கமானதும் ஒரு சண்டையில்தான். கும்மிடிப்பூண்டியில் நான் ஏறியபோது ஓர் இருக்கையில் சாப்பாட்டுப் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தக்காரி ஆரம்பாக்கத்தில் ஏறி, பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பை உக்காந்துக்கினு வருது, மனுஷி நின்னுக்கினு வரணுமா?" என்றேன்.

"நீங்க உக்காருங்கக்கா. பைய மடியில வச்சிக்கோங்க," என்று சிரித்தாள். அதற்கு மேல் சண்டையை எப்படி வளர்ப்பது? அன்றிலிருந்து அந்தப் பை எனக்காகத்தான் இடம் போட்டு வந்தது.

அவள் அப்பா எபினேசர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல புரோட்டீன மடிக்குது," என்பார் பெருமையாக. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் பிஎச்.டி. மாணவி. அவள் சொன்ன விளக்கம் எனக்கே புரிந்தது. புரதம் என்பது நீளமான ஒரு சரம். அது தானாகவே மடிந்து தன் உருவத்துக்கு வந்தால்தான் உடம்பில் வேலை செய்யும். ஒரே மூச்சில் மடிந்துவிடுகிறதா, பாதி மடிந்து நடுவில் நின்று போகிறதா என்பதுதான் அவள் கேள்வி.

"பொடவைக்குக் கொசுவம் வச்சி, செருவாம கையில புடிச்சிக்கினு நிப்பம் பாருங்க, அந்த மாதிரி நிக்குதுக்கா," என்றாள்.

கணினியில் அவள் நடத்திய சிமுலேஷனில் அது அப்படித்தான் நின்றது. ஆய்வுக்கூடத்துக் கருவியில் நிற்கவில்லை. யூரியாவில் ஊறவைத்து மடிப்பைப் பிரித்துப்போட்ட புரதத்தைத் தண்ணீரோடு சட்டென்று கலந்தால் அது மடியத் தொடங்கும். மடிய மடிய அதன் ஒளி மாறுவதைக் கருவி ஒரு கோடாக வரையும். எத்தனை முறை செய்தாலும் கோடு ஒரே இறக்கமாக இறங்கியது. பேராசிரியர் மோகன்ராஜ் கடைசியாகச் சொல்லிவிட்டார்: சோதனையில் தெரியாததை ஆய்வேட்டில் வைக்க முடியாது, மாத முடிவுக்குள் பிடிபடவில்லை என்றால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டும்.

"ரெண்டு வருச வேலைக்கா," என்றாள் ஜெனிபர். அன்றைக்கு அவள் காற்று வாங்கப் போகவில்லை. மோகன்ராஜை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

ரயில் பழக்கம் அவளை ஆய்வுக்கூடத்திலும் விடவில்லை. முதல் ஆளாகப் போய், கருவிக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலில் பையைப் போட்டு இடம் பிடிப்பாள். அடுத்த வாரம் ஒருநாள் ஸ்டூலில் யாரோ ஏதோ அட்டைப்பெட்டியை வைத்திருந்தார்கள். பையைக் கொண்டுபோய், கருவியின் சூட்டைச் சீராக வைக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் மாட்டினாள். தொட்டியின் சூட்டைக் காட்டும் எண் பைக்குப் பின்னால் போய்விட்டது. முந்தின நாள் ரகு என்ற மாணவன் தன் சோதனைக்காகத் தொட்டியைப் பத்து டிகிரியில் வைத்திருந்தான். வழக்கமான இருபத்தைந்துதான் என்று நினைத்து இவள் தொடங்கிவிட்டாள்.

கோடு சரசரவென்று இறங்கி, நடுவில் தயங்கி, பிறகு மெல்ல இறங்கியது. மறுபடி செய்தாள், மறுபடியும் தயங்கியது. குதித்துக்கொண்டே பையை எடுத்தவள் கண்ணில் பத்து என்ற எண் பட்டது. சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

"தப்பான சூட்டுல செஞ்சிட்டேன்க்கா," என்று சாயங்கால வண்டியில் அழாத குறையாகச் சொன்னாள். பொன்னேரி தாண்டியதும் திடீரென்று என் கையைப் பிடித்தாள். "இல்லக்கா. குளுருல எல்லாமே மெதுவாத்தான் நடக்கும். இருவத்தஞ்சுலயும் அது நின்னுக்கினுதான் இருக்கும். மெஷினு கலந்து முடிச்சிப் பாக்கறதுக்குள்ள தாண்டிப் பூடுது. தப்பு இல்லக்கா."

வெவ்வேறு குளிரில் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணினியில் கணக்கிட்டாள். அதே குளிர்களில், இந்த முறை எண்ணைப் பார்த்துப் பார்த்து, கருவியிலும் அளந்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

மாத முடிவில் மோகன்ராஜிடம் கொண்டுபோனாள். முதலில் ஏன் பத்து டிகிரியில் செய்தாய் என்று அவர் கேட்டார். பைக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. வரைபடங்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் வழக்கம்போல் முதல் ஆளாகப் போனவளுக்கு ஸ்டூல் கிடைக்கவில்லை. அதில் வேறொரு சாப்பாட்டுப் பை இருந்தது. பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மோகன்ராஜ் நின்றிருந்தார்.

"அத்தியாயம் இருக்கட்டும், ஜெனிபர். ஆனா அது நிக்கறத நான் ஒருதரம் என் கண்ணால பாக்கணும். இன்னிக்கு இடம் நான் போட்டாச்சு."

அன்று முழுக்க அவர் பை உட்கார்ந்திருக்க, ஜெனிபர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாளாம். சண்டை போடத் தோன்றவே இல்லையாம்.