நாலு ஷொக்கும் ஒரு சுங்கத் துண்டும்

சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், கண்டியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு அனுப்பக் கூடாத பொருள் எது என்று யாராவது போட்டி வைத்திருந்தால், கனடாவில் இருந்த என் மனைவியின் தம்பி முதற் பரிசைத் தட்டிக்கொண்டு போயிருப்பான். அவன் எனக்கு ரிமோட்டில் ஓடும் லொறி ஒன்றை அனுப்பினான். ஒரு முழ நீளம், முள்ளு முள்ளான டயர், இழுத்தால் நீண்டுகொண்டே போகும் அன்ரெனா. "அத்தானுக்கு மெஷின் சாமான் எண்டால் விருப்பம்" என்று கடிதத்தில் எழுதியிருந்தான்.

விருப்பம்தான். நான் அப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீதிகளுக்கு மதகு வரைவது என் வேலை. வரைந்த மதகுகளில் சிலதான் கட்டப்பட்டன. கட்டப்பட்டவற்றிலும் சிலதுக்குள்ளால்தான் தண்ணீர் போனது. இருந்தாலும் இயந்திரம் என்று வந்தால் எனக்குத் தெரியாதது இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லொறியின் விசேஷம் அதன் ஷொக் அப்சோபர்கள். சுண்டுவிரல் அளவில் நாலு அலுமினியக் குழாய்கள். உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு சின்னத் தட்டு கம்பியோடு மேலும் கீழும் போய்வரும். வெளியே ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் துள்ளப் பார்க்கும். எண்ணெய் அதை அடக்கும். கனடாவுக்கும் கண்டிக்கும் இடையில் எவர் கழற்றிப் பார்த்தாரோ, பார்சலைப் பிரித்தபோது எண்ணெய் முழுவதும் பெட்டியில் ஊறிப்போயிருந்தது.

நான் தேங்காயெண்ணெய் ஊற்றினேன்.

அது தை மாதம். கண்டியில் தை மாதக் காலை என்றால் எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து உருக்கித்தான் தலையில் பூச முடியும். பன்னிரண்டு வருடமாக நானும் அப்படித்தான் பூசி வந்தேன். ஆனால் மண்டைக்குப் பூசிய அறிவு உள்ளே இறங்கவில்லை. ஹந்தானை மலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த வெறுந்தரையில் லொறியை ஓட்டினால், முதல் கல்லிலேயே அது செங்கல் மாதிரி எகிறிக் குப்புற விழுந்தது. வெயில் ஏறியதும் எண்ணெய் உருகி, லொறி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தது. காலையில் ஒரு வண்டி, மத்தியானம் இன்னொரு வண்டி.

என் மோட்டார் சைக்கிளைத் திருத்துகிற கராஜுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளி அக்குறணைக்காரர். வேலை செய்கிறவர் ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் இறங்கி வருகிறவர். என் வயதுதான், நாற்பது இருக்கும். எங்கள் நாட்டில் கைவேலைக்காரர் எல்லோருக்கும் உள்ள பட்டம்தான் அவருக்கும்: பாஸ். ஒரு ஷொக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்த பாஸ் சிரிக்கத் தொடங்கினார். முதலாளியும் வந்து முகர்ந்து சிரித்தார்.

"என்ன சார், தலைக்கு வைக்கிறத வண்டிக்கு ஊத்தியிருக்கீங்க?"

மோட்டார் சைக்கிளின் முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க்குக்கு விடுகிற எண்ணெயை அவர் ஊற்றினார். ஊற்றியது ஒரு நிமிடம். காத்திருந்தது கால் மணித்தியாலம். கம்பியை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும்வரை குழாயை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவசரப்பட்டா காத்து உள்ளயே நின்னுரும் சார்" என்றார். மூடியைத் திருகியபின் காதருகே வைத்துக் கம்பியை அழுத்திப் பார்ப்பார். 'களக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் மறுபடி கழற்றுவார். இடதும் வலதும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். கடைசியில் லொறியை முழங்கால் உயரத்தில் பிடித்துக் கையை விட்டுவிடுவார். "ஒரு தடவ உக்காரணும், அம்புட்டுத்தான். எந்திரிச்சு ஆடக் கூடாது."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவை ஆகின. பின்னுக்கு மெல்லிய எண்ணெய், முன்னுக்குத் தடித்தது, ஸ்பிரிங்குக்கு அடியில் வொஷர் ஒன்று கூட, ஒன்று குறைய என்று இரண்டு நடுவயது ஆண்கள் வெறுந்தரையில் குந்தியிருந்து விவாதித்தோம். நான் கொப்பியில் குறிப்பு எழுதினேன். அவர் சரியாகச் செய்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கசிந்த றப்பர் வளையத்தை மாற்றுவதற்காக, முதல் நாள் தன்னோடு லயத்துக்கு எடுத்துப்போன லொறியை பாஸ் அரிசிப் பையில் போட்டுக் கராஜுக்குக் கொண்டு போனார். வளைவில் இருந்த சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். எண்ணெய் நிரப்பிய குழாய் நாலு, பற்றறி, வயர், அன்ரெனா. அந்தக் காலத்தில் இதைவிடக் குறைந்த சாமானுக்கே ஆளைக் கொண்டு போவார்கள். பாஸைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள்.

கராஜ் முதலாளி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சேர், எங்கட பாஸப் புடிச்சிட்டாங்க. அது உங்கட சாமான்தானே? பார்சல் எடுத்த துண்டு இரிக்கும்தானே? அதக் கொண்டு நீங்க ஒருக்கா போனாச் சரி."

தபால் கந்தோரில் பார்சல் எடுத்தபோது தந்த சுங்கத் துண்டு அலுமாரியில் இருந்தது. என் பெயர், என் விலாசம், 'விளையாட்டு லொறி ஒன்று' என்று தெளிவாக எழுதி, முத்திரை குத்தி. நடந்து போனால் இருபது நிமிடத் தூரத்தில் பொலிஸ் நிலையம்.

நான் போக மூன்று நாள் எடுத்தது.

அந்த மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. கந்தோருக்கு வயிற்றோட்டம் என்று லீவு அறிவித்தேன். பயத்தில் அது உண்மையாகவும் ஆனது. லொறியோடு வந்த விளக்கப் புத்தகத்தை அடுப்பில் எரித்தேன். மிச்ச ஸ்பிரிங்குகளை மிளகாய்த்தூள் ரின்னுக்குள் புதைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு ஆங்கிலத்தில் நாலு பந்தியில் ஒரு கடிதம் எழுதி, இலக்கணம் திருத்தி, அனுப்பாமல் வைத்தேன். வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போனேன். பயம் வந்தால் முதலில் போவது மரியாதை: அதுவரை 'அவர்' ஆக இருந்த பாஸ் என் வாயில் 'அவன்' ஆனார். அவன் இந்நேரம் என் பெயரைச் சொல்லியிருப்பான், இந்த ஆட்களை நம்பியதே பிழை என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சொல்லியிருந்தால் இவ்வளவுக்கு வந்திருப்பாங்களே. நீங்கள் போங்கோ. உங்கட லொறி" என்றாள் அவள்.

நாலாம் நாள் காலை அவள் சேலையை மாற்றி, சுங்கத் துண்டைக் கைப்பைக்குள் வைத்து, செருப்பை மாட்டினாள். "எங்கை?" என்றேன். "பொலிசுக்கு. நீங்கள் வயிற்றைப் பாருங்கோ." அதற்குப் பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. துண்டை வாங்கிக்கொண்டு நானே போனேன்.

பொலிஸ் நிலைய முற்றத்தில் இன்ஸ்பெக்டர் லொறியை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அது விளையாட்டுச் சாமான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டதாம். பிறகு ஏன் ஆளை விடவில்லை? அதையும் அவரே சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். லொறி யாருடையது என்று கேட்டால் தன்னுடையது என்கிறான். தோட்டத்து லயத்தில் இருப்பவனுக்கு இப்படிப்பட்ட சாமான் எங்கிருந்து வரும்? ஆகவே களவு. யாரிடம் களவெடுத்தாய் என்று மூன்று நாளாகக் கேட்கிறோம், வாயே திறக்கிறான் இல்லை.

நான் சுங்கத் துண்டை நீட்டினேன். அவர் வாசித்தார். "மாத்தையா இதை முதலே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அரை மணித்தியாலம் கூட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஆளை விட முதல் அவருக்கு ஒரு சின்ன உதவி தேவைப்பட்டது. லொறி துள்ளுகிறது. கான்ஸ்டபிள் ஒருவர் துவக்கு துடைக்கிற எண்ணெயை ஷொக்குக்குள் விட்டிருந்தார். திருத்த முடியுமா? நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று முன்னமே சொல்லித் தொலைத்திருந்தேன். அவர் மேசையில் வைத்துக் கழற்றினேன். என் மோட்டார் சைக்கிள் போர்க்குக்கு என்று கராஜிலிருந்து எண்ணெய் எடுப்பித்தேன். ஊற்றி, இரண்டு தரம் அசைத்து, மூடினேன். காதருகே வைத்தால் களக், களக் என்றது. முழங்கால் உயரத்திலிருந்து விட்டபோது லொறி மூன்று முறை குதித்து இன்ஸ்பெக்டரின் சப்பாத்தில் போய் இடித்தது.

"இது தெரிந்தவர் உள்ளே இருக்கிறார்" என்றேன்.

பாஸைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடியவில்லை. என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்றார், வீட்டு வாசலில் வைத்துச் சொல்வது போல.

வலது கையால் முடியாததால் குழாயைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் நேராகப் பிடித்தேன். அவர் இடது கையால் கம்பியை அசைத்தார். குமிழி வந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இன்னும் ஒன்று வந்தது. பாஸுக்கு அவசரம் இல்லை. நாலு குழாய்க்கும் அதே நேரம் எடுத்தார். யாருக்காக இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. கடைசியில் லொறியைத் தூக்கிக் கையை விட்டார். அது ஒரு தரம் அமர்ந்தது. ஆடவில்லை. கான்ஸ்டபிள்கள் மறுபடி கைதட்டினார்கள்.

லொறியை மேலதிக விசாரணைக்காக வைத்துக்கொண்டு எங்களை அனுப்பினார்கள்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். எனக்குள் ஒரு கொழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பொலிசுக்குள் போய் ஒரு ஆளை வெளியே எடுத்த கதையைக் கந்தோரில் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் தெம்பில்தான் கேட்டேன்: "ஏன் பாஸ் அது உங்கட எண்டு சொன்னனீங்கள்?"

"உங்க பேரச் சொன்னா, யாழ்ப்பாணத்து ஆளு, ரிமோட்டு வச்சிருக்காருன்னு உங்களத் தூக்கிருவாங்க சார். நானுன்னா ரெண்டு அடியோட விட்ருவாங்க." பஸ் வருகிற திசையைப் பார்த்தார். "அன்னிக்குச் சாயங்காலமே துண்ட எடுத்துக்கிட்டு நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சேன். அதான் தாங்கிக்கிட்டேன்."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் வந்தது. மடியாத கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் மறு கையால் பிடித்து ஏறிப் போனார்.

வீட்டில் மனைவி ஓடி வந்து, "என்னப்பா நடந்தது?" என்றாள். எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. "நான் போனபடியால் ஆள் தப்பிச்சுது" என்றேன்.