படுத்தபடி வேலைக்குப் போகிறவர்

ஆசிர் அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, யாரும் தன்னைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது என்பதைத்தான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குத்தான் உட்காருவார். குரூப் போட்டோ எடுத்தால் உயரமான ஆள் எவன் என்று பார்த்து அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் இருபத்தேழு வருஷமாக ஒர்க்‌ஷாப் அட்டெண்டர். பிரின்சிபால் இன்னமும் அவரை ‘ஆசீர்வாதம்’ என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணன் ஒரு நாளும் திருத்தியதில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான் இன்றைக்குத் திருப்பதி மொத்தமும் திரும்பிப் பார்க்கிற ஒரு வண்டியில் வேலைக்குப் போய் வருகிறார். அதுவும் மல்லாந்து படுத்துக்கொண்டு.

நான் கோபிகிருஷ்ணன், அதே கல்லூரியில் எலக்ட்ரீஷியன். இரண்டு பேர் வீடும் ஒரே தெருவில். அவர் சித்தூர்ச் சபைக் குடும்பம். இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. நான் புத்தூர்ப் பக்கம். அவர் சர்ச்சுக்குப் போகிற ஆள், நான் எங்கேயும் போகாத ஆள்.

போன வருஷம் லேத் மெஷினிலிருந்து ஒரு கனமான பாகத்தைக் கழற்றித் தூக்கும்போது அவர் இடுப்பில் ஏதோ ‘களுக்’ என்றது. அப்படியே குனிந்தவர் நிமிரவில்லை. நான்தான் புத்தூருக்கு அழைத்துப் போனேன். எங்களுக்குக் கை கால் முறிவு, எலும்புக் கட்டு என்றால் வேறு ஊர் ஞாபகத்துக்கு வராது. கட்டுப் போடுகிறவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எலும்பு இல்லப்பா, நரம்பு. இதுக்குக் கட்டு போட்டா அது ஏமாத்து வேலை” என்று அனுப்பிவிட்டார். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது, குனிந்து உட்காரக்கூடாது, குலுங்கக்கூடாது என்றார். எங்கள் ஊர் ரோட்டில் குலுங்காமல் எப்படிப் போவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

கல்லூரி ஏழு கிலோமீட்டர். மலையடிவாரத்து அலிபிரி வரை ஏறி, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, மிருகக்காட்சி சாலைப் பக்கம் போக வேண்டும். பஸ்ஸில் நின்று பார்த்தார், முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் போனார். ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தில் அவரால் அசையவே முடியவில்லை. கூட இருந்த மூன்று பேர் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி, ரோட்டோரம் வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் அன்றைக்கு அண்ணன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

“மூட்டை எறக்கற மாதிரி எறக்கிட்டாங்க கோபி. நானே போவணும், நானே வரணும். அது முடியலன்னா வேலைய வுட்டுடறேன்.”

அவரை வேலையிலிருந்து அனுப்புவதற்கு நிர்வாகமும் தயாராகத்தான் இருந்தது. முடியவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று ஆள் விட்டு நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வேலையை விட்டால் வீட்டில் படுத்துக் கூரையைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு விநோதமான சைக்கிள் கிடந்தது. மெக்கானிக்கல் பையன்கள் கடைசி வருஷப் பிராஜெக்டுக்குச் செய்தது. தாழ்வான நீளச் சட்டம், முன்னால் குழந்தை சைக்கிளின் சின்னச் சக்கரம், அதற்கும் முன்னால் பெடல், நாடாக் கட்டில் மாதிரி நைலான் பட்டை பின்னிய சாய்ந்த சீட்டு. இரண்டு சைக்கிள் செயினை ஒன்றாக இணைத்திருந்தார்கள். வெல்டிங் எல்லாம் அண்ணன் கைவேலை. மார்க் வாங்கியதும் பையன்கள் போய்விட்டார்கள், சைக்கிள் மழையில் கிடந்தது. மதிய இடைவேளையில் அண்ணன் அதில்தான் சாய்ந்துகொள்வார். அந்தச் சீட்டில் மட்டும் இடுப்பு வலிப்பதில்லை. ஒரு நாள் அப்படியே பெடலை மிதித்துப் பார்த்தார். இரண்டு கஜம் போய் விழுந்தார். விழுந்தவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பதினைந்து நாள் கல்லூரி மைதானத்தில் பழகினார். பழகுவது என்றால் லேசில்லை. கால் இரண்டும் முன்னால் தொங்கும்போது உடம்பு அதை நம்ப மாட்டேன் என்கிறது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி பாம்பாக நெளியும். குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் லேசாகப் பிடிக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் கழுத்து செத்துவிடும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கவும் முடியாது, படுத்தபடியே மெதுவாகச் சுற்ற வேண்டும். முகம் வானத்தைப் பார்த்தே இருக்கும். வெயில் நேராகக் கண்ணில் விழும்.

இதெல்லாம் பழகிவிட்டது. ரோடுதான் பழகவில்லை.

முதல் நாள் நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். அவர் விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து மூன்று இடத்தில் ஜனம் ஓடி வந்தது. “ஏமைந்தி அண்ணா?”, என்ன ஆச்சு என்று ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, அப்போதுதான் நிஜமாகவே விழுந்தார். செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நாய்களுக்கோ மனிதன் முகம் தங்கள் உயரத்துக்கு இறங்கி வருவது பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளியே போனேன், எனக்கு அவரைத் தெரியாது என்பதுபோல. வெட்கமாக இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன பயன்?

நாலாம் நாள்தான் பெரிய அடி. ஊரிலிருந்து அலிபிரிக்கு ஏறும்போது மலை கண்ணுக்கு நேரே நிற்கும். டீக்கடையில் உட்கார்ந்திருந்த, நாமம் போட்ட ஒரு பெரியவர் எழுந்து வந்து வழியை மறித்தார். “ஸ்வாமி கொண்டக்கி எதுருகா காள்ளு சாப்புகோனி போத்தாவா? புத்தி உந்தா?” சாமி மலைக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு போகிறாயே, அறிவிருக்கிறதா என்று கேட்டார். பின்னாலேயே நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அவர் எவர் சாமி பக்கமும் கால் நீட்டிப் பழகியவர் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி, வண்டியை அலிபிரி வரை தள்ளிக்கொண்டே போனார். குனிந்து தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சிமெண்ட் தரையில் மல்லாந்துவிட்டார்.

“போதும் கோபி. நாளையிலருந்து வரல.”

“இன்னும் ஒரே ஒரு நாள் பாருங்கண்ணா,” என்றேன். “வண்டி உயரம் கம்மி. லாரிக்காரனுக்குத் தெரியாது. ஒரு கம்பி வெச்சி துணி கட்டலாம், தூரத்துலயே தெரியும்.”

அவருடைய மனைவி கிரேஸ் அக்கா தன் பழைய புடவை ஒன்றில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். நல்ல பளிச்சென்ற மஞ்சள். திருப்பதியில், மஞ்சள் துணி கட்டி, மலையைப் பார்த்து ஒருவன் படுத்துக்கொண்டே போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் விடுங்கள். எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அதே டீக்கடை. அதே பெரியவர் எழுந்தார். துணியைப் பார்த்தார். அப்படியே நின்றார். “மொக்கா?” என்றார். தெலுங்கில் வேண்டுதலுக்கு அந்தப் பேர். முழங்காலால் படி ஏறுகிறவர்களையும், உருண்டே பிரதட்சணம் செய்கிறவர்களையும் பார்த்த ஊர் இது. இப்படியும் ஒரு வேண்டுதல் இருக்கக்கூடாதா என்ன? பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தப்பைந்தி ஸ்வாமி” என்று கும்பிட்டார். பின்னால் யாரோ “கோவிந்தா!” என்றார்கள். ஆட்டோக்கள் ஒதுங்கின. ஒரு பஸ் நின்று வழிவிட்டது.

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அன்று கல்லூரிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து சேர்ந்தோம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

அலிபிரியில் பச்சையம்மாள் என்று ஒரு அம்மா, மலை ஏறும் படிக்குப் போடும் மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் கூடையில் வைத்து விற்கிறாள். நகரிப் பக்கத்துக் கிராமம், நம் பேச்சுதான் பேசுவாள். துணி கட்டிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அண்ணன் அங்கே திரும்புகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“சாமி, என் மருமவ மூணாவது தபா உண்டாயிகீறா. முன்ன ரெண்டும் தங்கல. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியல. என் பேருல இத்த ஏத்திடு சாமி.”

ஒரு கற்பூரப் பொட்டலத்தை அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அண்ணன் மிதித்தார்.

அவர் படிக்குப் போகாமல் இடப்பக்கம் திரும்புவதை அவள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள். அந்தப் பக்கம் போனால் ஸ்ரீவாரி மெட்டு என்று இன்னொரு படிவழி இருக்கிறது. அங்கே போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நம்ப வேண்டும் என்று இருக்கிறவர்களுக்கு வழி தானாகக் கிடைத்துவிடுகிறது.

தினமும் ஒரு பொட்டலம். அண்ணன் அவற்றை ஒர்க்‌ஷாப்பில் டூல் பாக்ஸுக்குள் போட்டு வைத்தார். என்னண்ணா செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். “கற்பூரம் இருந்தா இரும்பு துரு புடிக்காது” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. ஒரு மனிதர் ஒரு வழியாக வேலைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிரேஸ் அக்காவுக்குப் போன் வந்தது. சித்தூரிலிருந்து அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் சைமன். பேசி முடித்து அக்கா போனைக் கீழே வைத்தார்.

“சபையில எல்லாரும் வீடியோ பாத்துக்கினு கீறாங்களாம். ‘உன் வூட்டுக்காரு எப்போலருந்து மலைக்கு வேண்டிக்கினாரு’ன்னு கேக்கறான்.”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல கிரேஸ்.”

“நீ சொல்லலதான். அந்தம்மா கற்பூரம் குடுத்தப்போ உனக்கு வாய் இருந்துச்சா இல்லியா?”

கற்பூரக் கதையை அக்காவிடம் சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“சொன்னா மறுபடியும் மறிப்பாங்க. ரோட்ல போவ முடியாது. வேலை போயிடும்,” என்றார் அண்ணன். ஒரு வருஷத்துக் களைப்பு முழுக்க அந்தக் குரலில் இருந்தது.

“சைமன் இன்னா சொன்னா எனக்கின்னா? சபை இன்னா சொன்னா எனக்கின்னா? அந்த மருமவளுக்கு இந்தத் தபாவும் தங்கலன்னு வெச்சிக்கோ. அந்தம்மா யாரக் கேப்பா?”

டீ ஆறிப் போனது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வண்டியை வெளியே எடுத்தபோது கம்பியில் துணி இல்லை. இந்தத் தடவை ஸ்கூட்டரில் அவரை ஒட்டியே போனேன்.

டீக்கடைப் பெரியவர் வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு, “ஏம் ஸ்வாமி, மொக்கு அயிப்போயிந்தா?” என்றார், வேண்டுதல் முடிந்துவிட்டதா என்று சிரித்தபடி. அண்ணன் நிறுத்தினார்.

“மொக்கு காதண்டி. நடும் நொப்பி. பனிகி போத்துன்னா.” வேண்டுதல் இல்லை, இடுப்பு வலி, வேலைக்குப் போகிறேன். அவர் ரோட்டில் சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். பெரியவர் முகம் மாறியது. அவர் கத்தத் தொடங்கியபோது நாங்கள் மேடு ஏறிக்கொண்டிருந்தோம். கத்தல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அண்ணன் காலை மடக்கவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை.

பச்சையம்மாள் பொட்டலத்தோடு தயாராக நின்றாள். அண்ணன் பிரேக் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றினார். மடியில் வைத்திருந்த பையை எடுத்து நீட்டினார். அவள் கொடுத்த பொட்டலங்கள் அத்தனையும் அதில் இருந்தன.

“அம்மா, நான் மலைக்குப் போறவன் இல்ல. அந்தாண்ட காலேஜில வேலை செய்யறேன். உக்கார முடியாம இடுப்பு வலி, அதுக்குத்தான் இந்த வண்டி. வேண்டுதல் ஒண்ணும் இல்ல. நீ கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது.”

அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை.

“அப்போ இந்த மூணு வாரமா அவளுக்கோசரம் யாருமே போவலியா?”

சாதாரண சைக்கிளாக இருந்தால் தலையைக் குனிந்துகொள்ளலாம். இந்த வண்டியில் படுத்திருப்பவனுக்கு அது முடியாது. முகம் மேலே பார்த்தபடி இருக்கும், நிற்கிறவள் அதை முழுசாகப் பார்ப்பாள். யாரும் தன்னைப் பார்ப்பது பிடிக்காத என் ஆசிர் அண்ணன் கண்ணை மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

“மருமவ பேரு இன்னாம்மா?” என்றார் கடைசியில்.

அவள் பையின் வாயை முடிந்தாள். பிறகு கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டு, “சிவசங்கரி,” என்றாள்.

அண்ணன் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். காலைத் தூக்கிப் பெடலில் வைத்து, இடப்பக்கம் திரும்பி, வேலைக்குப் போனார்.